நாலு பத்துக்கு மேல நடந்த மன்றமும் நடு மத்தியானத்துல நடந்த மன்றமும்

போன வருஷம், அதாவது 2025, ஆகஸ்ட் 18 திங்கக்கிழமை, மத்தியானம் 12 மணி 19 நிமிஷம். எங்க பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்ப மேடைல ஒரு மர மீட்டர் ஸ்கேல் நட்டுக்குத்தலா நிக்குது. சாயாம இருக்க கிழக்கயும் மேக்கயும் ஒவ்வொரு செங்கல் முட்டுக் குடுத்திருக்கோம், நேரா நிக்குதான்னு பாக்க பக்கத்துலயே ஒரு தூக்குக்குண்டு தொங்குது, அது ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கொத்தனாரா இருக்குற அவங்கப்பா கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தது. சுத்தி பதினேழு புள்ளைங்க குத்தவச்சு உக்காந்து தரையவே பாத்துக்கிட்டு இருக்குதுங்க. நிழல் வெறும் நாலு சென்டிமீட்டர், அதுவும் தெக்க பாத்து விழுந்திருக்கு. "டீச்சர், அப்ப சூரியன் நமக்கு வடக்க போயிருச்சா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டா. ஆறு நிமிஷத்துக்கு முன்னாடிதான் சென்னைல இருக்குற என் தோழி, அவங்களும் டீச்சர்தான், எவர்சில்வர் டம்ளர் ஒண்ண வெயில்ல வச்சு போட்டோ எடுத்து வாட்ஸப்ல அனுப்பியிருந்தாங்க. அந்த டம்ளருக்கு நிழலே இல்ல.

அந்த நாலு சென்டிமீட்டருக்கு வந்து சேர எங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நடுவுல எங்க அறிவியல் மன்றம் ஒரு தடவ படுத்தே போச்சு. எப்படி ஆரம்பிச்சது, ஏன் படுத்துச்சு, எப்படித் திரும்ப எந்திரிச்சதுன்னு முழுசா எழுதி வைக்கணும்னு தோணுச்சு. பக்கத்து ஒன்றியத்துல வேலை பாக்குற ரெண்டு மூணு பேரு கேட்டாங்க, போன்ல சொல்லி முடியல.

முதல்ல எங்க பள்ளிக்கூடம். திருச்சி மாவட்டம், காவிரிக்கு வடக்க, வாழையும் நெல்லும் போடுற ஊரு. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும். ஆறு, ஏழு, எட்டு மூணும் சேத்து 71 புள்ளைங்க. நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். அந்த 71ங்கற எண்ணிக்கைய மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணைல ஆறுலேருந்து எட்டு வரைக்கும் நூறு புள்ளைங்களுக்கு மேல இருந்தாத்தான் ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் மூணுக்கும் பகுதிநேர ஆசிரியர்னு போட்டிருக்கு. நம்ம மாநிலத்துல 2012ல மாசம் 5000 ரூபா சம்பளத்துக்கு 16,549 பேர எடுத்தாங்க, வாரத்துல மூணு அரை நாள் வந்துட்டுப் போற மாதிரி. எங்கள மாதிரி சின்னப் பள்ளிக்கூடத்துக்கு அந்தக் கணக்குல ஆளு வராது. ஆக, பாட்டு, படம், விளையாட்டு, மன்றம் எதுவா இருந்தாலும் கணக்கும் அறிவியலும் எடுக்குற நாங்களேதான் பாத்தாகணும்.

பேப்பர்ல பாத்தா எங்க பள்ளிக்கூடத்துல மன்றத்துக்குக் குறைச்சலே இல்ல. தமிழ் இலக்கிய மன்றம், கணித மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், ஜூனியர் ரெட் கிராஸ், வினாடி வினான்னு சார்ட்ல எழுதி ஹெச்.எம். ரூம்ல ஒட்டியிருக்கு. ஒரு டீச்சர் பேருக்கு மூணு மன்றம். பாக்குறதுக்கு யாராவது வர்றாங்கன்னு தெரிஞ்சா அதுக்கு முந்தின நாள் கூட்டம் நடந்த மாதிரி நோட்டுல எழுதுவோம், நானும் எழுதியிருக்கேன். அதச் சொல்லாம இந்தக் கதைய ஆரம்பிச்சா நேர்மையா இருக்காது.

2022 நவம்பர் 28ல முதலமைச்சர் எங்க திருச்சில வச்சுத்தான் வானவில் மன்றத்த தொடங்கி வச்சாரு. ஆறுலேருந்து எட்டு வரைக்கும் படிக்கிற அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு, "எங்கும் அறிவியல் யாவும் கணிதம்"னு வாசகம், 13,000க்கு மேல பள்ளிக்கூடம். கருத்தாளர்னு ஒருத்தர் டூவீலர்ல சாமான் பையோட வந்து ஒரு மணி நேரம் சோதனை பண்ணிக் காட்டுவாங்க, புள்ளைங்களயும் செய்யச் சொல்லுவாங்க. எங்களுக்கு வந்த தங்கச்சி பலூனையும் பாட்டிலயும் வச்சு நுரையீரல் மாதிரி செஞ்ச அன்னிக்கு வகுப்பே எந்திரிச்சு மேசைய சுத்தி நின்னுச்சு. அவங்க வண்டி கேட்டத் தாண்டுறதுக்குள்ள ஒரு பையன் என் கிட்ட வந்து "அடுத்து எப்ப வருவாங்க?"ன்னு கேட்டான். அந்தக் கேள்விலதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் மன்றம்னா மீதி நாளெல்லாம்? நம்ம ஒண்ணு நடத்தலாமேன்னு 2023 ஜூன்ல முடிவு பண்ணேன்.

நல்ல எண்ணத்துல பண்ணுன முதல் தப்பு நேரம். பாட வேளைய தொடக்கூடாது, பாடம் குறையும்னு ஒருத்தரும் சொல்லிறக் கூடாதுன்னு சாயங்காலம் 4:10க்கு பெல் அடிச்ச பிறகு 5 மணி வரைக்கும்னு வச்சேன், செவ்வாயும் வியாழனும். விருப்பம் இருக்குறவங்க பேரு குடுங்கன்னதும் 31 பேரு. எனக்குத் தலகால் புரியல. அட்டை போட்ட ரிஜிஸ்தர் ஒண்ணு வாங்கி, முதல் பக்கத்துல எட்டாம் வகுப்புப் பொண்ண விட்டு "அறிவியல் மன்றம்"னு வண்ண எழுத்துல எழுத வச்சேன்.

அந்த ரிஜிஸ்தர் இப்பவும் என் கிட்ட இருக்கு. முதல் வாரம் 31. ரெண்டாவது வாரம் 26. மூணாவது வாரம் 19, அதுக்கப்புறம் 12, ஆறாவது வாரம் 7. அந்த ஏழு பேரும் பசங்க, எல்லாரும் சைக்கிள் வச்சிருக்குற பசங்க. அப்ப இதப் பாத்துட்டு எனக்கு வந்த எண்ணம் என்ன தெரியுமா, "ஆர்வம் இல்லாத புள்ளைங்க, ஆரம்பத்துல துள்ளுனது சும்மா"ங்கறதுதான். ஸ்டாஃப் ரூம்லயும் அப்படித்தான் பேசிக்கிட்டோம். இன்னிக்கு அத நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு, ஏன்னா அதே ரிஜிஸ்தர எடுத்து வச்சுக்கிட்டு ஒவ்வொரு பேரா "நீ ஏன்டா நின்ன, நீ ஏம்மா வரல"ன்னு கேக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. கேட்டப்ப அதுல ஆர்வம் இல்லன்னு சொன்னது ரெண்டே ரெண்டு பேரு.

மத்தவங்க சொன்ன காரணத்த அப்படியே எழுதுறேன். பக்கத்து ரெண்டு ஊருலேருந்து வர்ற புள்ளைங்களுக்கு 4:25க்கு ஒரு டவுன் பஸ், அத விட்டா அடுத்தது ஆறு மணிக்கு. ஒரு பையனுக்கு ஆடு ஓட்டிட்டு வரணும், அவங்கம்மா வாழைத்தோப்பு வேலை முடிஞ்சு வர ஆறு ஆயிரும். அஞ்சு மணிக்கு சில பேருக்கு டியூஷன், சில பேருக்கு இல்லம் தேடிக் கல்வி. அப்புறம் பொண்ணுங்க. தம்பிய அங்கன்வாடிலேருந்து கூட்டிட்டு வரணும், தண்ணி வர்ற நேரம் குடத்த வச்சுக்கிட்டு நிக்கணும், அரிசி களைஞ்சு வைக்கணும். ஏழாவது எட்டாவது பொண்ணுங்க மூணு பேரு குரலத் தாழ்த்தி சொன்னது வேற, "நான் வயசுக்கு வந்ததுலேருந்து பெல் அடிச்சா நேரா வீட்டுக்கு வந்துறணும்னு அப்பத்தா சொல்லிருச்சு டீச்சர்". முதல் பக்கத்துல வண்ண எழுத்து எழுதுன பொண்ணும் அதுல ஒருத்தி. அவ எழுதுன பக்கத்துக்கு அடுத்த நாலாவது பக்கத்துலயே அவ பேருக்கு நேரா ஆப்சென்ட் விழ ஆரம்பிச்சிருக்கு.

அம்பது நிமிஷத்த நான் எங்க கொண்டு போய் வச்சேன்னா, அந்தப் புள்ளைங்களுக்குன்னு நேரமே இல்லாத இடத்துல கொண்டு போய் வச்சேன். ஸ்கூல் நேரத்துல வீட்டுக்காரங்க புள்ளைய கேக்க மாட்டாங்க, பெல் அடிச்ச அடுத்த நொடியே அது வீட்டோட நேரம், வயலோட நேரம், ஆட்டோட நேரம். டவுன்ல வேன் வச்சுப் போற புள்ளைக்கு நாலரைக்கு மேல கராத்தே, கீபோர்டுன்னு போட்டு வைக்கலாம், கூட்டிட்டுப் போக ஆளும் இருக்கும். எங்க ஊருல அந்த ஏற்பாடு ஓடாது.

அந்த மீதி ஏழு பேரோட ஓட்டிக்கிட்டு இருக்கும்போது 2024 ஜனவரில ஒரு போட்டி வந்துச்சு, வட்டார அளவுல. ஒரு பள்ளிக்கு ரெண்டு பேரு, ஒரு மாடல், மூணு பக்கம் கட்டுரை. அதுவரைக்கும் ஏதோ கையில கிடைச்சத வச்சு விளையாண்டுக்கிட்டு இருந்த ஏழு பேர்ல நான் ரெண்டு பேர எடுத்தேன், நல்லா பேசுற ரெண்டு பேர. தெர்மாகோல்ல வயல், ஆஸ்பத்திரி குளுக்கோஸ் ட்யூப்ல சொட்டு நீர்ப்பாசனம். கட்டுரைய நான்தான் எழுதுனேன். பாதி மாடலும் நான் செஞ்சதுதான், ராத்திரி வீட்டுல உக்காந்து. மீதி அஞ்சு பேரு ரெண்டு மூணு நாளு வந்து ஓரமா நின்னு பாத்தாங்க, அப்புறம் அவங்களும் வரல. அவங்கள நான் தேடவும் இல்ல, அவ்வளவு பரபரப்பு எனக்கு.

போட்டி அன்னிக்கு எங்க பையன் மனப்பாடம் பண்ணுனத நிறுத்தாம சொன்னான். நடுவரா வந்தவரு வயசானவரு, பொறுமையா கேட்டாரு. கேட்டு முடிச்சிட்டு குனிஞ்சு ட்யூபப் பாத்தாரு. "தம்பி, டேங்க் பக்கத்துல இருக்குற ஓட்டைல வேகமா சொட்டுது, கடைசி ஓட்டைல மெதுவா சொட்டுதே, ஏன்?"ன்னாரு. அருமையான கேள்வி. ட்யூப்ல போகப் போக உரசி உரசி அழுத்தம் குறையும், நடுவுல இருக்குற ஓட்டையெல்லாம் தண்ணிய எடுத்துக்கும், அதனாலதான் நிஜ வயல்லயும் கடைசி செடி காயும். அவன் கண்ணு நேரா என்னத் தேடி வந்துச்சு. அவனுக்குப் பதில் தெரியலங்கறத விட, அந்த ஓட்டைய அவன் அதுவரைக்கும் உத்துப் பாத்ததே இல்லங்கறதுதான் எனக்குத் தாங்கல. அவனோட மாடல்ல அவன் பாக்குறதுக்குன்னு நான் எதையுமே விட்டு வைக்கல. பஸ்ல திரும்பி வரும்போது "சாரி டீச்சர்"னான். நான்தான் அவன்கிட்ட சொல்லியிருக்கணும்.

பரிசு வரல, மன்றமும் அதோட நின்னுச்சு. 2024-25 முழுக்க மன்றம் இல்ல. மூடுறோம்னு யாரும் அறிவிக்கல, யாரும் ஏன்னு கேக்கவும் இல்ல.

போட்டி கெட்டதுன்னு நான் சொல்ல வரல. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993லேருந்து நடக்குது, 10 வயசுலேருந்து 17 வரைக்கும், நம்ம மாநிலத்துல தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரங்க பல வருஷமா அதுக்கு உழைச்சிருக்காங்க. அதுல அழகு என்னன்னா புள்ளைங்க அவங்க ஊர்ல இருக்குற ஒரு கேள்விய எடுக்கணும், அவங்களே அளந்து, கேட்டு, எழுதணும். கேள்வி முதல்ல, மேடை கடைசில. நான் தலகீழா பண்ணேன். முதல்ல மேடைய பாத்துட்டு அதுக்கேத்த கேள்விய செஞ்சேன்.

2025 ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்ததும் ஹெச்.எம். கிட்ட போயி ஒண்ணே ஒண்ணு கேட்டேன், புதன்கிழமை சாப்பாட்டு பெல்லுக்கு முந்தின பீரியடும் சாப்பாட்டு நேரத்துல பாதியும். அவங்க யோசிச்சாங்க. பாடம் முடியலன்னா யாரு பதில் சொல்றது, ரிசல்ட் குறைஞ்சா, யாராவது அந்த நேரம் பாத்து வந்தா. அவங்க பயம் நியாயமான பயம்தான், வர்றவங்க எல்லாரும் வாசிப்பத்தான் கேக்குறாங்க, மன்றத்தக் கேட்டு யாரும் வர்றதில்ல. ஒரு டெர்ம் குடுங்க மேடம், பாடம் தேங்குச்சுன்னா நானே நிறுத்திர்றேன்னேன். கணக்கு சார் அவரோட பீரியட்ல ஒண்ண மாசத்துக்கு ரெண்டு தடவ விட்டுக் குடுக்குறேன்னாரு, ஆனா கணக்கும் இருக்கணும்னு ஒரு நிபந்தனை. அந்த நிபந்தனைதான் எங்களக் காப்பாத்துச்சு, பின்னாடி சொல்றேன்.

இன்னொரு மாத்தம், சின்னதுதான், ஆனா எனக்கு அதுதான் பெருசாத் தோணுது. அறிவியல் சாமான் இருக்குற பச்ச பீரோ சாவிய புள்ளைங்க கிட்ட குடுத்துட்டேன். வாரத்துக்கு ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் ஆறாம் வகுப்பா இருக்கணும். உள்ள லென்ஸு, காந்தம், சோதனைக் குழாய், ஸ்பிரிங் தராசு, துளிர்ங்கற சிறுவர் அறிவியல் இதழ் பழசு ஒரு கட்டு. ஒரு மாசத்துல ரெண்டு சோதனைக் குழாயும் ஒரு லென்ஸும் உடைஞ்சுது. உடைஞ்சத ரிஜிஸ்தர்ல எழுதுனா போதும், திட்டு கிடையாதுன்னு சொல்லியிருந்தேன், ஒரு ஆறாவது பொண்ணு "லென்சு கீழ விழுந்து ரெண்டாச்சு, ரெண்டு துண்டுலயும் எழுத்து பெருசா தெரியுது"ன்னு எழுதி வச்சிருந்தா. அது சரியான அவதானிப்பு. ஒடஞ்ச லென்ஸ் துண்டும் லென்ஸ்தான். பூட்டியிருந்த வரைக்கும் அந்த லென்ஸ் பத்திரமா இருந்துச்சு, ஒருத்தருக்கும் எதுவும் தெரியவும் இல்ல.

ஜூலைல நிழல் அளக்க ஆரம்பிச்சோம். காசு செலவே இல்லாத வேலை, வெயிலும் தரையும் இருந்தாப் போதும். கொடிமேடைல ஸ்கேல நிக்க வச்சு 11:50லேருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ நிழலோட நுனில சாக்பீஸ்ல புள்ளி. வகுப்புல கேட்டா எல்லாரும் 12 மணிக்குத்தான் நிழல் சின்னதா இருக்கும்னாங்க, உச்சி வேளைன்னா 12 மணிதானே. வரல. 12:10, இன்னும் குறையுது. 12:15, இன்னும் குறையுது. 12:20 தாண்டித்தான் திரும்ப நீள ஆரம்பிச்சுது. "ஸ்கூல் கடிகாரம் தப்பு டீச்சர்"னு ஒருத்தன் சொன்னான், அடுத்த வாரம் ரெண்டு போன்ல டைம் பாத்தோம், அப்பவும் அதே கதைதான். அப்புறம்தான் இந்தியா முழுசுக்கும் ஒரே மணி, அந்த மணி 82.5 பாகை தீர்க்கரேகைய வச்சு, நாம இருக்குறது அதுக்கு மேக்க 78.8, ஒரு பாகைக்கு நாலு நிமிஷம், அதனால நம்ம உச்சி சுமார் பதினஞ்சு நிமிஷம் பிந்தும், மேற்கொண்டு பூமி ஓட்டத்தால வருஷத்துல நாளுக்கு ஏத்த மாதிரி கால் மணி நேரம் வரைக்கும் முன்னப் பின்ன ஆகும்னு சொன்னேன். சமூக அறிவியல் புத்தகத்துல இந்த 82.5 இருக்கு, பரிட்சைல எழுதவும் எழுதியிருக்காங்க. ஆனா அவங்க ஊருக்கு உச்சி வேளை எப்பன்னு அவங்களே கண்டுபுடிச்ச அன்னிக்குத்தான் அது ஒரு எண்ணா மனசுல உக்காந்துச்சு.

சூரியன நேரா பாக்கவே கூடாதுன்னு முதல் நாளே கண்டிச்சு சொல்லிட்டேன். நிழல் அளக்குறதுல நல்லது என்னன்னா எல்லா வேலையும் குனிஞ்சு தரையப் பாத்துத்தான்.

கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவுல இருக்குற ஊருக்கெல்லாம் வருஷத்துல ரெண்டு நாள் சூரியன் சரியா தலைக்கு மேல வரும், நட்டுக்குத்தலா நிக்கிற பொருளுக்கு அந்த நிமிஷம் நிழல் இருக்காது. நிழலில்லா நாள்னு சொல்றோம். சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் வரும், எங்களுக்கு ஏப்ரல் 18, ஆகஸ்ட் 25 பக்கம். நம்ம ஊர் காலண்டர்ல ராகு காலம் எமகண்டம் எல்லாம் இருக்கு, இது ஒரு ஓரத்துலயாவது இருக்கலாம்னு எனக்கு ஆசை.

ஆகஸ்ட் 18 திங்கக்கிழமை, அதனால அந்த வாரம் மட்டும் மன்றத்த புதன்லேருந்து மாத்திக்கிட்டோம். சென்னைல நிழல் இல்லாத அதே நாள் எங்க ஸ்கேலுக்கு நாலு சென்டிமீட்டர் நிழல். சரியா நாலுன்னு சொல்ல முடியாது, நுனி மங்கலா இருக்கும், ஏன்னா சூரியன் ஒரு புள்ளி இல்ல, வட்டம், அதனால ஒரு மீட்டர் குச்சியோட நிழல் நுனி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டருக்கு கலங்கித்தான் தெரியும். ஒருத்தன் 3.6ன்னான், ஒருத்தி 4.3ன்னா, இன்னொருத்தி 4ன்னா. "யாரு டீச்சர் கரெக்ட்?"னு சண்ட. நான் பதில் சொல்லல. கணக்கு சார் சராசரி போடுங்கன்னாரு, நாலுக்கு ஒரு நூலு கம்மியா வந்துச்சு, நாலுன்னே வச்சுக்கிட்டாங்க.

இப்ப கணக்கு. சூரிய வெளிச்சம் எல்லா ஊருக்கும் இணையாத்தான் வருது, அப்ப சென்னைல நிழல் இல்லாம எங்களுக்கு மட்டும் நிழல் விழுதுன்னா நடுவுல தரைதான் வளைஞ்சிருக்கு. நூறு சென்டிமீட்டர் குச்சிக்கு நாலு சென்டிமீட்டர் நிழல், அதாவது இருபத்தஞ்சுல ஒரு பங்கு. பூமியோட ஆரத்துக்கும் ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்குற தூரத்துக்கும் அதே விகிதம்தான். தூரத்த இருபத்தஞ்சால பெருக்குனா பூமியோட ஆரம். ரெண்டாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடி எகிப்துல எரட்டோஸ்தனிஸ்னு ஒருத்தர் இதே யோசனைய வச்சுத்தான் பூமியோட சுத்தளவக் கணக்குப் போட்டாரு.

திருச்சிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்? பஸ்ல போயிருக்குற பையன் 330 கிலோமீட்டர்னு சொன்னான். 330 பெருக்கல் 25, 8250. புத்தகத்தப் பொரட்டுனா 6371ன்னு இருக்கு. எல்லாருக்கும் முகம் சுருங்கிருச்சு. எனக்கு காரணம் தெரியும், நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, அந்தப் பையன் பஸ்ல சாரி டீச்சர்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு, வாய மூடிக்கிட்டேன். சாப்பாட்டு பெல் அடிச்சும் நாலஞ்சு பேரு எந்திரிக்கல.

அடுத்த நாள் காலைல பிரேயருக்கு முன்னாடியே ஒரு எட்டாம் வகுப்புப் பொண்ணு அட்லஸோட வந்து நின்னா. வகுப்புல அதிகம் வாயத் தொறக்காத பொண்ணு. "டீச்சர், நிழலு தெக்க பாத்துதானே விழுந்துச்சு. அப்ப தெக்கு வடக்கு தூரத்த மட்டும்தானே எடுக்கணும்? நாம ரோடு போற தூரத்த எடுத்துட்டோம், ரோடு வளைஞ்சு வளைஞ்சு கிழக்கயும் போகுதுல்ல." ஸ்கேல வச்சு மேப்ல வடக்கு தெக்கா மட்டும் அளந்திருக்கா, மேப் அளவுகோல வச்சு மாத்தியிருக்கா, சுமார் 250 வந்திருக்கு. 250 பெருக்கல் 25, 6250. அதுலேருந்து ரெண்டு பை ஆர் போட்டு சுத்தளவு 39,286 கிலோமீட்டர். நிஜத்துல ஏறக்குறைய 40,000. ஒரு மர ஸ்கேலு, ரெண்டு செங்கல்லு, ஒரு தூக்குக்குண்டு. கணக்கு சார் அந்த நோட்ட வாங்கி ரெண்டு தடவ படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம அவ தலைல கை வச்சாரு. சிவப்பு மையில டிக் போடாம நீலப் பேனால தேதிய எழுதிக் குடுத்தாரு, இது விடைத்தாள் இல்ல, ஆய்வுக் குறிப்புன்னு சொல்லி.

அந்த 8250 வந்திருக்கலன்னா இந்த 6250க்கு அவளுக்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது. நான் முதல் நாளே திருத்தியிருந்தா அது என்னோட கணக்காப் போயிருக்கும்.

ஆகஸ்ட் 25 எங்க நாள். 12 மணிக்கு மேகம் மூடி, 12:16க்கு விலகுச்சு, ஒரு ரெண்டு நிமிஷம் கிடைச்சுது. ஒண்ணாம் வகுப்புலேருந்து எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. டம்ளர், டிபன் பாக்ஸ், பாட்டில், அகல் விளக்கு, வளையல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனது, எல்லாத்தோட நிழலும் அதது காலடிக்கே போயிருச்சு. சத்துணவு அக்கா கரண்டிய நிமித்தி வச்சுப் பாத்தாங்க.

ரிஜிஸ்தர் என்ன சொல்லுதுன்னும் எழுதிர்றேன். புது மன்றத்துல சேந்தது 28 பேரு, 2023ஐ விடக் கம்மிதான். பத்து வாரம் கழிச்சு வந்துக்கிட்டு இருந்தது 24 பேரு, அதுல 15 பொண்ணுங்க. போன தடவ ஆறாவது வாரத்துல ஒரு பொண்ணு கூட இல்ல. புள்ளைங்க அதே ஊரு, டீச்சர் அதே டீச்சர், அதே பீரோ. மாறுனது நேரம், சாவி, போட்டி. மூணுல எது எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்கு வழியில்ல, மூணையும் ஒண்ணாத்தான் மாத்துனேன். ஆனா பொண்ணுங்க விஷயத்துல நேரம்தான் காரணம்னு அடிச்சு சொல்லுவேன், அவங்களே சொன்னதுதான் அது.

சரியா வராததும் இருக்கு. வெயில்ல நிக்க வைக்கிறாங்கன்னு ரெண்டு வீட்டுலேருந்து வந்து கேட்டாங்க, அவங்க கேட்டதுல தப்பில்ல. அன்னிலேருந்து தொப்பி இல்லன்னா துண்டு, ஆளுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாது, தண்ணிக் குடம் பக்கத்துலன்னு வச்சுக்கிட்டோம். ஆறாம் வகுப்புப் புள்ளைங்க விகிதக் கணக்குல பின்தங்கி வெறும் சாக்பீஸ் புடிக்கிற வேலையில நின்னுட்டாங்க, அத நான் கவனிக்கவே மூணு வாரம் ஆச்சு, இப்ப அவங்களுக்குன்னு தனியா கேள்வி வைக்கிறேன். அப்புறம் மழைக்காலம். அக்டோபர் நவம்பர்ல வெயிலே இல்ல, நடுவுல எனக்குப் பயிற்சி வகுப்பு, பரிட்சை, மூணு புதன்கிழமை மன்றம் நடக்கல. நான் இல்லன்னா மன்றம் இல்லங்கறது இன்னும் மாறல. அந்த மூணு வாரத்துல ஒரு வாரம் மட்டும் புள்ளைங்களே பீரோவத் தொறந்து துளிர் எடுத்து வாசிச்சிருக்காங்க, ரிஜிஸ்தர்ல கையெழுத்து இருக்கு, பதினொரு பேரு.

செப்டம்பர் 7 ராத்திரி முழு சந்திர கிரகணம் வந்துச்சுல்ல, ஞாயித்துக்கிழமை, அதுக்கு நான் வீட்டுப்பாடம் எதுவும் குடுக்கல. திங்கக்கிழமை நாலு பேரு நோட்டோட வந்தாங்க. 9:57க்கு ஓரத்துல கருக்க ஆரம்பிச்சுது, 11 மணிக்கு மேல செம்புப் பானை மாதிரி ஆயிருச்சு, மேகம் வந்து வந்து மறைச்சுதுன்னு. அதுல ஒரு பொண்ணு, கிரகணத்துல வெளிய போகக் கூடாதுன்னு சொன்ன அப்பத்தாவையும் வாசலுக்குக் கூட்டிட்டு வந்து நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்கா. வயசுக்கு வந்ததும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துறணும்னு சொன்ன அதே அப்பத்தா.

இப்ப எனக்கு இருக்குற கவலை எட்டாவது. வர்ற ஜூன்ல ஒம்பது பேரு நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்குற உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருவாங்க, அட்லஸ் பொண்ணும் அதுல ஒருத்தி. அங்க மன்றம் எந்த நேரத்துல நடக்குதுன்னு விசாரிச்சேன், சாயங்காலம்னாங்க. அங்க இருக்குற அறிவியல் டீச்சர் கிட்ட ரிஜிஸ்தரோட ரெண்டு பக்கத்த ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருக்கேன், 2023து ஒண்ணு, 2025து ஒண்ணு. பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க.

ஏப்ரல் 18 இந்த வருஷம் சனிக்கிழமை. பள்ளிக்கூடம் இருந்தாலும் இல்லாட்டியும் 12 மணிக்கு முன்னாடி கொடிமேடைக்கு வந்துர்றோம்னு சொல்லியிருக்காங்க. பீரோ சாவி இப்ப ஒரு ஆறாம் வகுப்புப் பையன் கிட்டயும் ஏழாம் வகுப்புப் பொண்ணு கிட்டயும் இருக்கு, தூக்குக்குண்ட ஞாபகமா வாங்கிட்டு வரச் சொல்லி ரிஜிஸ்தர்லயே எழுதி வச்சிருக்காங்க.